பீப்பாயில் ஓராண்டு, புட்டியில் எத்தனை ஆண்டு?

நவம்பர் மாதக் கடைசியில், அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்த மறுநாள் காலை, சிகாகோவின் மதுக்கடை வாசல்களில் குளிரையும் பொருட்படுத்தாமல் வரிசை நிற்கும். கூஸ் ஐலண்ட் பீர் ஆலை ஆண்டுக்கொரு முறை வெளியிடும் 'பர்பன் கவுண்டி ஸ்டவுட்' அன்றைக்குத்தான் கடைக்கு வருகிறது. விஸ்கி இருந்த பீப்பாயில் ஏறக்குறைய ஓராண்டு கிடந்த கருப்பு பீர் அது. ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வழக்கமான பீரில் இருப்பதைவிடச் சுமார் மூன்று மடங்கு. வரிசையில் நிற்பவர்களில் பலர் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவார்கள். ஒன்று அன்றிரவே தீர்ந்துவிடும். மற்றது வீட்டு நிலவறைக்குப் போகும், மூன்றாண்டோ ஐந்தாண்டோ கழித்துத் திறக்க. ஐந்தாண்டு வரை புட்டிக்குள்ளேயே பக்குவப்படும் என்று ஆலையே லேபிளில் போட்டு வந்திருப்பதால், வாங்குகிறவருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

ஆனால் இதே பீரை விரும்பிக் குடிப்பவர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. 'ஆலைக்காரன் ஒரு வருஷம் காத்திருந்து, ருசி பார்த்து, இதுதான் பதம் என்று அடைத்துத் தந்திருக்கிறான். அதற்குமேல் காத்திருக்க நீ யார்?' என்பது அவர்கள் கட்சி. இரண்டு கூட்டத்தாருமே ருசி அறிந்தவர்கள்தான், பொய் சொல்பவர்கள் அல்லர். வழக்கைத் தீர்க்க நாக்கு மட்டும் போதாது. பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது, புட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தனித்தனியே பார்த்தாக வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தின் முன்பாதி பின்பாதியாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

ஸ்டவுட் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. கருக வறுத்த வாற்கோதுமை சேர்த்துக் காய்ச்சும் பீர் இது. காப்பி, கசப்புச் சாக்லேட் சாயல் கொண்டது. அயர்லாந்தின் கின்னஸ் உலகப் பிரசித்தம். இலங்கை வாசகர்களுக்கு லயன் ஸ்டவுட் தெரிந்திருக்கும். நுவரெலியா மலையில் வேர்விட்ட ஆலையின் சரக்கு, ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைத் தேடிப் போய்க் குடித்துப் பாராட்டிய பிறகுதான் மேலை நாட்டுப் பீர்ப்பிரியர்கள் அதைக் கவனித்தார்கள். (பாடகர் வேறு, இவர் வேறு. இவர் தாடி வைத்த யார்க்‌ஷயர்க்காரர்.) அந்த வகையையே இன்னும் அடர்த்தியாக, இன்னும் போதையாக வடித்தால் இம்பீரியல் ஸ்டவுட். அதைப் பீப்பாயில் ஊறப்போட்டால் நம் கதாநாயகன்.

இந்தக் கதாநாயகன் பிறப்பதற்கு ஒரு விஸ்கி விதி காரணம். அமெரிக்காவில் பர்பன் என்ற பெயரில் விற்கும் விஸ்கியைப் புதிய ஓக் மரப் பீப்பாயில், அதுவும் உட்புறம் தீயில் கரித்த பீப்பாயில்தான் வைக்க வேண்டும். மதுவிலக்கு 1933-இல் நீங்கியபின் வந்த விதிமுறைகளில் இது உறுதியானது. விளைவு, பர்பன் ஆலைகள் ஒரு பீப்பாயை ஒரே முறைதான் பயன்படுத்துகின்றன. அப்புறம் அவர்களுக்கு அது இடத்தை அடைக்கும் மரம். ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களும் கரீபியன் ரம்காரர்களும் பல தலைமுறைகளாக இதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பீர் ஆலைகளுக்கு இந்த யோசனை வரத் தாமதமாயிற்று.

கூஸ் ஐலண்டின் தலைமைக் காய்ச்சுநர் கிரெக் ஹால், இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் ஒரு விருந்தில் ஜிம் பீம் விஸ்கிக் குடும்பத்தின் புக்கர் நோவைச் சந்தித்தார். பேச்சுவாக்கில் ஆறு பீப்பாய்கள் கிடைத்தன. ஆலையின் ஆயிரமாவது காய்ச்சலுக்கு ஏதாவது புதுமை செய்ய நினைத்திருந்த ஹால், அடர்ந்த ஸ்டவுட்டை அவற்றில் நிரப்பினார். இது 1992-இல் நடந்ததாக ஆலை நெடுங்காலம் சொல்லிவந்தது. சிகாகோ செய்தியாளர் ஜாஷ் நோயல் தோண்டிப் பார்த்ததில் 1995 என்பதே பொருந்திவருகிறது. வயதைப் பெருமையாகப் பேசும் ஒரு பீர், தன் வயதையே கூட்டிச் சொல்லியிருப்பது வேடிக்கைதான்.

அந்தப் பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது? கொள்ளளவு சுமார் 200 லிட்டர். மரம் அமெரிக்க வெள்ளை ஓக். உள்ளே ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தீ மூட்டிக் கரித்திருப்பார்கள். மேல்பரப்பு முதலைத் தோல்போல் வெடித்துக் கரியாகும். சங்கதி அந்தக் கரிக்கு அடியில், வறுபட்டுச் செம்பழுப்பாய் நிற்கும் மெல்லிய அடுக்கில் இருக்கிறது. மரத்தை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னின் அங்கே வெப்பத்தில் உடைந்து வெனிலின் ஆகியிருக்கும். ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி சிதைந்து ஃபர்ஃப்யூரல் முதலிய மிட்டாய் மணப் பொருள்களாகியிருக்கும். ஓக் மரத்திலேயே இயற்கையாக உள்ள ஒரு லாக்டோன், விஸ்கி லாக்டோன் என்றே அதற்குப் பெயர், தேங்காய் மணம் தரும். யூஜினால் கிராம்பு மணம் தரும். கிராம்பின் மணமே பெரும்பாலும் அந்த மூலக்கூறுதான். இத்தனைக்கும் மேலாக, காலியானதாகச் சொல்லப்படும் பீப்பாயின் மரத்துக்குள் சில லிட்டர் விஸ்கி இன்னும் ஊறிக் கிடக்கும். உள்ளே போகும் ஸ்டவுட் இவை எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆல்கஹாலும் கூடுகிறது.

மரம் இன்னொரு வேலையும் செய்கிறது. அது மூச்சு விடும். பலகைகளின் ஊடாகவும் இணைப்புகளின் ஊடாகவும் ஆக்சிஜன் கசிந்து உள்ளே வரும். ஒயின்காரர்கள் அளந்த வரையில், ஓராண்டில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம். சாதாரண லாகர் பீரில் இவ்வளவு ஆக்சிஜன் புகுந்தால் அதைக் கீழே கொட்ட வேண்டியதுதான். புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்கூடத் தாண்டக் கூடாது என்று ஆலைகள் படாத பாடு படுகின்றன. பீப்பாய் ஸ்டவுட் இதற்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ஓக்கிலிருந்து கரைந்துவரும் எலாஜிடானின் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனை முந்திக்கொண்டு பிடித்துவிடுகின்றன. கருக வறுத்த தானியத்தின் மெலனாய்டின்களும் அதில் பங்கு கேட்கின்றன. கெடுக்கும் ஆக்சிஜனை விடுவதும் மரம், அதைத் தடுக்கும் பொருளைத் தருவதும் மரம். இந்தப் பேரம் கட்டுப்படியாகும் வரைதான் பீப்பாயில் வைக்கலாம். எட்டு மாதமா, பதினாலு மாதமா என்பதைக் காய்ச்சுநர் பீப்பாய் பீப்பாயாக ருசித்து முடிவு செய்கிறார். சில பீப்பாய்கள் புளித்திருக்கும், சிலவற்றில் மரம் தூக்கலாக இருக்கும். ஒதுக்க வேண்டியதை ஒதுக்கி, மிச்சத்தைக் கலந்து, புட்டியில் அடைக்கிறார்.

அந்தக் கணத்தோடு மரத்தின் கதை முடிந்தது. விஸ்கிக்காரர்களுக்கு இது பால பாடம். 12 ஆண்டு விஸ்கியை அலமாரியில் இன்னும் 20 ஆண்டு வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். வெனிலா கூடாது, தேங்காய் கூடாது, புட்டிக் கண்ணாடி எதையும் தராது. ஸ்டவுட்டுக்கும் இந்த விதி பொருந்தும், ஒரு முக்கிய வேறுபாட்டோடு. விஸ்கி காய்ச்சி வடித்த சரக்கு. அதில் மாறுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டவுட்டிலோ அமினோ அமிலங்கள், நொதிக்காமல் நின்ற சர்க்கரைகள், ஹாப்ஸ் பூவின் கசப்பு அமிலங்கள், புரதங்கள், கொழுப்பின் சிதறல்கள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. அவை சும்மா இருப்பதில்லை. ஆகவே நிலவறைக்குப் போகும் புட்டி மேலும் மாறும் என்பதில் ஐயமில்லை. பீப்பாயில் தொடங்கிய மாற்றத்தின் தொடர்ச்சியாக மட்டும் அது இருக்காது.

புட்டிக்குள் முதலில் தளர்வது கசப்பு. ஹாப்ஸை வேகவைக்கும்போது உண்டாகும் ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்றான டிரான்ஸ் வடிவம் சீக்கிரம் சிதையும். சிஸ் வடிவம் பல ஆண்டு தாங்கும். பழைய புட்டியின் வயதை மதிப்பிட வேதியியலாளர்கள் இந்த இரண்டின் விகிதத்தையே பார்க்கிறார்கள். கசப்பு இறங்கினால் இனிப்பு மேலே வரும். 'மூன்று வருஷத்தில் முரட்டுத்தனம் போய் மெத்தென்றாகிவிட்டது' என்று பாராட்டுகிறார்களே, அதில் ஒரு பங்கு இதுதான். போதையின் காரம் தணிந்தது என்றும் சொல்வார்கள். ஆனால் அடைத்த புட்டிக்குள்ளிருந்து ஆல்கஹால் எங்கும் போவதில்லை. முதல் நாள் 14 சதவீதம் என்றால் பத்தாம் ஆண்டும் ஏறத்தாழ அதே 14. மற்ற மணங்கள் அதன்மேல் போர்வை போர்த்துவதால் நம் மூக்குக்குக் காரம் குறைந்ததாகத் தோன்றுகிறது.

பீர் எப்படிப் பழசாகிறது என்பதை 1977-இல் ஐரோப்பிய பீர் ஆலைகள் மாநாட்டில் டால்க்லீஷ் என்ற ஆய்வாளர் ஒரு வரைபடமாகக் காட்டினார். கசப்பு படிப்படியாக இறங்குகிறது. கருந்திராட்சை இலைபோன்ற ஒரு வாடை சீக்கிரமே எழுந்து, பிறகு அடங்குகிறது. அட்டைப்பெட்டி வாடை ஏறுகிறது. மிட்டாய், டாஃபி மணம் மெதுவாகக் கூடுகிறது. பின்வந்த ஆய்வுகள், குறிப்பாக பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்தவை, இந்தக் கோடுகளை அப்படியே எல்லா பீருக்கும் பொருத்த முடியாது என்று திருத்தின. ஆனாலும் பொதுவான போக்கு அதுதான். அட்டைப்பெட்டி வாடைக்குக் காரணமான டிரான்ஸ்-2-நோனினால், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். வெளிர்நிற பீரைக் கெடுக்க இது ஒன்றே போதும். ஸ்டவுட்டின் கருகல் மணம் அதை ஓரளவு மறைத்துவிடுவதால்தான் 'கருப்பு பீர் வைத்தால் தாங்கும்' என்ற பேச்சு எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது.

கருப்பு பீரில் அட்டைப்பெட்டிக்குப் பதில் தலைதூக்குவது வேறொரு மூலக்கூறு. அதன் பெயர் சோடோலோன். நமக்கு அது நன்றாகத் தெரியும். வெந்தயத்தின் மணமே அதுதான். மிகச் சிறிய அளவில் மேப்பிள் பாகுபோல் இனிக்க மணக்கும், கொஞ்சம் கூடினால் வெந்தயம் போட்ட குழம்புபோல். 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது காற்றில் மேப்பிள் பாகு மணம் வீச, மக்கள் பயந்துபோய் நகராட்சிக்குத் தொலைபேசி செய்தார்கள். நச்சுவாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் பதறினார்கள். கடைசியில் 2009-இல் கண்டுபிடித்தது என்னவென்றால், ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் ஒரு வாசனைப்பொருள் ஆலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது. அதே சோடோலோன்தான் போர்ச்சுகலின் மதீரா ஒயினிலும், ஸ்பெயினின் ஷெரியிலும், பழைய பீரிலும் ஆக்சிஜன் பட்டுப் பட்டுச் சேருகிறது. நிலவறையில் பல ஆண்டு கிடந்த ஸ்டவுட்டைத் திறந்தவர்கள் ஷெரி, அத்திப்பழம், பேரீச்சை, கருப்பட்டிப் பாகு என்றெல்லாம் வர்ணிப்பதன் பின்னால் சோடோலோனும் அதன் உறவுக்கார ஆல்டிஹைடுகளும் நிற்கின்றன. தேன் மணம் வந்தால் ஃபீனைல்அசிட்டால்டிஹைடு, அவித்த உருளைக்கிழங்கு வாடை வந்தால் மெத்தியோனல். ஷெரியை விரும்புகிறவருக்கு இது வரம். விரும்பாதவருக்கு அது, ஓராண்டு பாடுபட்டுச் சேர்த்த பர்பன் மணத்தின்மேல் ஏறி உட்கார்ந்த வேண்டா விருந்தாளி.

இன்னும் போனால் சோயா சாஸ். அடியில் தங்கிய ஈஸ்ட் செல்கள் செத்து உடைந்து, உள்ளிருந்த அமினோ அமிலங்களையும் நொதிகளையும் வெளியே விடும். குளுட்டமேட் சேரும், ஒரு உப்பு-இறைச்சிச் சுவை வரும். நுரையைத் தாங்கும் புரதங்களை அந்த நொதிகள் அரித்துவிடுவதால், பத்தாண்டுப் புட்டியை ஊற்றினால் நுரை என்ற பேச்சே இருக்காது. துளி அளவில் இந்தச் சுவை ஆழம் தரும். எல்லை மீறினால் கிளாஸில் நிற்பது பீரா, நூடுல்ஸில் ஊற்றும் சாஸா என்ற குழப்பம் வரும். பீரை வைத்துக் குடிப்பதற்கு வழிகாட்டி நூல்களே வந்துவிட்டன. அவற்றைப் படித்து ஊக்கம் பெற்று, நல்ல ஸ்டவுட்டைச் சோயா சாஸாக்கியவர்களும் நிச்சயம் இருப்பார்கள்.

வைத்துக் குடிக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்து. அங்கே அதற்கு நியாயமும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆலைகள் போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீரை மாடிவீட்டு உயர மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் வைத்திருந்தன. எவ்வளவு பெரிய தொட்டிகள் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் சாலையை ஒட்டிய மியூக்ஸ் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்து, பீர் வெள்ளம் பக்கத்துக் குடியிருப்புகளில் புகுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். போர்ட்டரின் வீரியமான வடிவம்தான் ஸ்டவுட். தேம்ஸ் தென்கரையில் சதர்க் பகுதியில் இருந்த திரேல் ஆலை, ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அரண்மனைக்கு மிக வீரியமான சரக்கு ஒன்றை அனுப்பியது. ஏழாண்டு வைத்தாலும் கெடாது என்று அதற்குப் பேர். 1781-இல் அந்த ஆலை பார்க்ளே பெர்கின்ஸ் கைக்கு மாறியது. 'இம்பீரியல்' என்ற பட்டம் அந்த ரஷ்ய வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டதுதான்.

அந்தப் பழைய பீர் தொட்டியில் கிடந்து நயமானதற்குக் காரணம் வெறும் காலம் இல்லை என்பது 1904-இல் தெரியவந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் என். ஹெச். கிளாசென், இங்கிலாந்தின் வைத்துப் பழக்கிய பீர்களில் மட்டும் தனியொரு ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதைக் கண்டுபிடித்து, அதற்கு பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் சூட்டினார். சாதாரண ஈஸ்ட் கைவிட்ட சர்க்கரைச் சங்கிலிகளை அது மாதக்கணக்கில் அரித்துத் தின்னும். இனிப்பு வற்றும், புதிய எஸ்டர்கள் பிறக்கும், தோலும் பழமும் கலந்தாற்போல் ஒரு வாசனை எழும். உயிருள்ள ஒன்று உள்ளே உழைத்துக்கொண்டிருந்ததால் அந்த பீருக்குக் காத்திருப்பு பலன் தந்தது. பீர் முடிவடையாத நிலையில் தொட்டிக்குப் போனது, தொட்டியில் முடிந்தது.

இன்றைய பர்பன் பீப்பாய் ஸ்டவுட்டில் நிலைமை தலைகீழ். பிரெட்டனோமைசிஸ் வந்துவிட்டால் ஆலையில் அபாயச் சங்கு ஊதுவார்கள். இனிப்பும் அடர்த்தியுமே இங்கே அழகு. அதைத் தின்னும் எந்த உயிரும் எதிரி. லண்டன்காரர்கள் அமெரிக்க ஓக்கையே வேண்டாம் என்று ஒதுக்கி, மணம் இறங்காத பால்டிக் ஓக்கைத் தேடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். நாம் இன்று விலை கொடுத்து வாங்கும் தேங்காய்-வெனிலா மணம் அவர்களுக்குக் குறையாகப் பட்டது. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு. 'இம்பீரியல் ஸ்டவுட் வைக்க வைக்க நன்றாகும்' என்ற பழைய நற்சான்றிதழை நாம் வேறொரு பீருக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உயிர் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு பர்பன் கவுண்டியே சாட்சி. அந்த ஆண்டுப் புட்டிகள் சில புளிக்கத் தொடங்கின. முதலில் காப்பி சேர்த்த வகையிலும் பார்லி ஒயின் என்ற வீரிய பீர் வகையிலும், அப்புறம் மற்ற வகைகளிலும் குறை தெரிந்தது. ஆலை 2016-இல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. குற்றவாளி லாக்டோபேசில்லஸ் அசிட்டோடாலரன்ஸ்; ஜப்பானில் அரிசி வினிகர் நொதிப்பிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியா. வினிகரிலேயே பிழைக்கிற உயிருக்கு 14 சதவீத ஆல்கஹால் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அதன்பின் ஆலை பீரை நொடிப்பொழுது சூடாக்கிக் குளிர்வித்து, கிருமி நீக்கிய பிறகே புட்டியில் அடைக்கிறது. கிருமிகளோடு ஈஸ்டும் செத்துவிடுவதால் புட்டி பக்குவப்படும் தன்மையை இழந்துவிட்டது என்று நிலவறைக்காரர்கள் புலம்பினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேலே சொன்ன சோடோலோனுக்கோ கசப்பு இறங்குவதற்கோ உயிருள்ள ஈஸ்ட் தேவையில்லை. உயிருள்ள ஈஸ்ட் செய்யும் பெரிய உதவி, அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜனைத் தின்றுவிடுவது. அதுவும் பழசாவதைத் தள்ளிப்போடும் உதவிதான்.

காப்பி, வெனிலாக் காய், வறுத்த தேங்காய், மிளகாய் என்று ஏதாவது சேர்த்த ஸ்டவுட்டுகளில் விவாதத்துக்கே இடமில்லை. உடனே குடித்துவிட வேண்டும். ஊறுகாய் மாதக்கணக்கில் நயமாகலாம். அதன்மேல் கொட்டிய தாளிப்பின் மணம் அன்றைக்குத்தான். காப்பியின் வறுத்த மணத்தைத் தரும் கந்தக மூலக்கூறுகள் மிகச் சீக்கிரம் ஆக்சிஜனிடம் தோற்றுவிடும். அவை விலகியதும், அதுவரை பின்னால் ஒளிந்திருந்த மெத்தாக்ஸிபைரசின் முன்னுக்கு வரும். அது பச்சைக் குடைமிளகாயின் மணம். காப்பி ஸ்டவுட்டை ஆண்டுக்கணக்கில் வைத்துத் திறந்தால் குடைமிளகாய் மணக்கிறது என்ற புகாரில் கற்பனை எதுவும் இல்லை. தேங்காயின் கதை இன்னும் மோசம். அதன் கொழுப்பு பீரில் கொஞ்சம் கலந்தாலும் சிக்குவாடைக்கு வழி வைக்கிறது.

எதுவும் சேர்க்காத, பீப்பாய் மட்டும் தொட்ட ஸ்டவுட்டுக்கு என் கணக்கு வேறு. ஓராண்டு, இரண்டாண்டு வைத்தால் கசப்பின் கூர்மை மழுங்கி, பர்பன் மணமும் மால்ட்டும் ஒன்றோடொன்று இழைவதற்கு வாய்ப்புண்டு. அந்தச் சமயத்தில் ஷெரிச் சாயல் எட்டிப் பார்த்தாலும் அது கூடுதல் அழகு. அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டும் வரவு கொஞ்சம், செலவு அதிகம். ஐந்தாண்டு என்பது கெடாமல் இருக்கும் கெடு. மேலேறிக்கொண்டே போகும் கோடு என்று அதைப் படிக்கக் கூடாது. 'புதிது' என்று நாம் சொல்கிற புட்டியே பீப்பாயில் ஓராண்டு கழித்துத்தான் வெளியே வந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் வெப்பநிலையைப் பொறுத்தது. பீர் பழசாகும் வினைகள் 10 டிகிரி கூடினால் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகும். அமெரிக்க நிலவறையில் 12 டிகிரி என்றால், 30 டிகிரி அறையில் அதே புட்டி மூன்றரை முதல் ஏழு மடங்கு வேகத்தில் ஓடும். அங்கே ஓராண்டு, இங்கே இரண்டு மூன்று மாதம். அதோடு நிற்காது. எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகமாவதில்லை. சூட்டில் அட்டைப்பெட்டி வாடை முந்தும், மிதமான குளிரில் மிட்டாய் மணம் முந்தும். அதனால் வெயிலில் வேகமாக முதிர்ந்த புட்டி, நிலவறையில் நிதானமாக முதிர்ந்த புட்டியின் குறுக்குவழி நகலாக ஆவதில்லை. அது வேறொரு கிழம். மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸில் ஃபவுண்டர்ஸ் ஆலை தன் பீப்பாய்களைப் பழைய ஜிப்சம் சுரங்கத்தின் அடியில் வைத்ததற்கும் இதுவே காரணம். அங்கே கோடையும் குளிர்காலமும் ஒன்றுதான்.

மிச்சமிருப்பது நாம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக வளாகத்துப் பீர்க்கடைகளில் லீ, ஃபிரெடரிக், ஏரியலி மூவரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. சாதாரண பீர் ஒரு கிளாஸ், சில துளி பால்சமிக் வினிகர் விட்ட பீர் ஒரு கிளாஸ். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது வினிகர் பீரைக் கணிசமானோர் விரும்பினார்கள். குடிப்பதற்கு முன்பே சொன்னபோது முகம் சுளித்தார்கள். குடித்த பிறகு சொன்னால் ருசி கெடவில்லை. முன்கூட்டித் தெரிந்த செய்தி நாக்கிலேயே இறங்கி வேலை செய்கிறது. ஐந்தாண்டு பூட்டி வைத்து, ஊருக்கெல்லாம் சொல்லி, நண்பர்களைக் கூப்பிட்டுத் திறக்கும் புட்டி ருசிக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. 2014, 2016, 2018 என்று வரிசையாக ஊற்றி ஒப்பிடுவதிலும் ஓட்டை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் காய்ச்சல் வேறு, பீப்பாய் வேறு, கலவை வேறு. வித்தியாசம் வயதால் வந்ததா, பிறப்பால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

நேர்மையான வழி ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. ஒரே ஆண்டின் ஒரே காய்ச்சலில் இரண்டு புட்டி வாங்கி, ஒன்றை உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்பெட்டியிலும் மற்றதை 12 டிகிரி நிலவறையிலும் வையுங்கள். குளிர்பெட்டியில் காலம் இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஓடும். அதுவே உங்கள் 'புதிய' மாதிரி. இரண்டாண்டு கழித்து, 1940-களில் கார்ல்ஸ்பெர்க்கில் உருவான முக்கோணச் சோதனையை நடத்தலாம். மூன்று கிளாஸ்; இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது; ஊற்றுகிறவர் வேறு, குடிக்கிறவர் வேறு. வேறானது எது என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றுக்கு ஒரு முறை சரியாக வரும் என்பதால் பல பேரிடம், பல முறை கேட்க வேண்டும். எது பிடித்தது என்ற கேள்வி, வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு மட்டும். இரண்டு புட்டியையும் ஒரே சூட்டுக்கு, 12 டிகிரியை ஒட்டி, கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள்; ஐஸ்போல் குளிர்ந்த பீரில் சோடோலோனும் எழாது, வெனிலாவும் எழாது. கிளாஸுக்கு இரண்டு மடக்கு அளவு போதும். 14 சதவீத பீரில் மூன்றாவது சுற்றுக்கு மேல் யாருடைய சாட்சியமும் எடுபடாது.